பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு பதில்

என் தங்கக்குட்டிக்கு,

நேத்து போன்ல நான் உன் பாடத்துலேர்ந்து கேள்வி கேட்டப்போ ஒரே ஒரு இடத்துல தடுமாறினியே, அதை நினைச்சு மனசைக் குழப்பிக்காதே. கமர்ஷியல் பைலட் பரீட்சையில விமானம் ஓட்டிக் காட்ட இன்னும் ஒரு வாரம் இருக்கு.

நீ போனை வச்சதும் இங்க ஒரு கூத்து நடந்தது. நீ விமானம் ஓட்டக் கத்துக்கப் போனதுலேர்ந்து, உன் போன் வந்தாலே உன்கிட்ட பேசாம இருக்க அப்பாவுக்குப் பேப்பர் மேல தனி அக்கறை வந்துடும். நேத்தும் அதுக்குள்ளதான் தலையை விட்டுட்டிருந்தார். திடீர்னு பேசினார்.

"இன்ஜின் நின்னா முதல்ல விமானத்தோட மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடிக்கணும். அப்புறம் இறங்க இடம் பார்க்கணும். ரேடியோ அதுக்கப்புறம்தான். அவ ரேடியோவை முதல்ல சொல்லிட்டா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"காதுல விழுந்துச்சு."

"அப்ப நீங்களே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

பேப்பரை மெதுவா மடிச்சார். "வானத்துல வச்சு அவ இதை மறந்துட்டான்னா?"ன்னார். நான் டீ போடப் போயிட்டேன்.

இன்னைக்குக் காலையில பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கார். பரீட்சை அன்னைக்கு விமானத் தளத்து வேலிக்கு வெளியே நிப்பாராம், உன் கண்ணுல படவே மாட்டாராம்.

இறங்கி வந்ததும் அவரைத் தற்செயலாப் பார்த்த மாதிரி நடி. அப்பாகிட்ட நீயே முதல்ல பேசிடு, கண்ணு.

ஆசையோட,
அம்மா