தக்கை அசையாத சனிக்கிழமை

ஜனவரி 7, சனி

இன்று டிவியின் அடியில் ஓடும் எழுத்தில் இரண்டு சொற்களைப் பிடித்துவிட்டேன். "நீங்கள் எதை". மூன்றாவதைப் பிடிப்பதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

கட்டிலில் இருந்து மச்சான் சொன்னான்: "ரயில் போயிடுச்சு மாமா. இனிமே அடுத்த சனிக்கிழமைதான்."

போகட்டும். இத்தனை வருஷமாக அதை எறும்பு வரிசை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதில் இரண்டு எறும்புகள் எனக்குப் பழக்கம்.

ஜனவரி 9, திங்கள்

தினமும் ஏதாவது எழுதுங்கள், உங்களுக்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் காபி ஆறிப்போகிறது. அதுவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் பாய்லர் பார்த்தவன். பாய்லரைப் பார்க்க எழுத்து வேண்டாம், காது போதும். சம்பளத்துக்குக் கைநாட்டு. ஓய்வு பெற்று, கிழவனாகி, நூலகத்து மாடியில் எழுதப் படிக்க மாலை வகுப்பு என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். வகுப்பிலேயே மூத்தவன் நான்தான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பஸ் ஓட்டியவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. டிப்போவில் வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் பள்ளத்தில் தவறி விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. போன வருஷத்திலிருந்து எங்கள் முன்னறையில் இருக்கிறான். படுத்தே கிடந்து முதுகில் புண். கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார்: "உட்காரணும், சாப்பிடணும். ரெண்டும் பண்ணலேன்னா இந்தப் புண் ஆறாது. உள்ளே போயிடும்."

அவன் இரண்டும் செய்வது சனிக்கிழமை ஐந்து மணிக்கு மட்டும். மீன்பிடி நிகழ்ச்சி. நானும் அவன் அக்காவும் தூக்கி உட்கார வைப்போம். முதுகுக்கு மூன்று தலையணை. மடியில் தட்டு. திட்டிக்கொண்டே பார்ப்பான், திட்டிக்கொண்டே சாப்பிடுவான்.

ஜனவரி 14, சனி

"நீங்கள் எதைப் பார்க்க". ஒரு சொல் முன்னேற்றம்.

நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கூலிங்கிளாஸ். மழையிலும் கழற்ற மாட்டான். இன்றும் தூண்டிலைப் போட்டான், மீனை எடுத்தான். போட்டான், எடுத்தான்.

"இவன் மீன் பிடிக்கிறானா, பீரோவிலேருந்து சட்டை எடுக்கிறானா?" என்றான் மச்சான்.

பாதித் தட்டு காலி.

ஜனவரி 21, சனி

முழுதும் வாசித்துவிட்டேன்! "நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்? எங்களுக்கு எழுதுங்கள்."

சத்தமாக இரண்டு முறை சொன்னேன். சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிட்டாளாம்.

விலாசம் இன்னும் பாக்கி. அது இன்னும் வேகமாக ஓடுகிறது.

ஜனவரி 24, செவ்வாய்

கால்வாய்க் கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம், டிவியில் எதைப் பார்க்க ஆசை என்று விசாரித்தேன். நான் ஒருவன் எழுதினால் என் ஆசை மட்டும்தானே இருக்கும்?

சலூன்காரர்: "என்ன இரை போடுறான்னு கிட்டக் காட்டச் சொல்லுங்க. டப்பாவ மூடி மூடி வைக்கிறான் திருட்டுப்பய." அப்போது சலூன்காரருடைய இரை டப்பா அவர் தொடைக்கு அடியில் இருந்தது.

ஓய்வுபெற்ற வாட்ச்மேன்: "பெரிய மீனாக் காட்டட்டும். நம்மால முடியாததப் பார்க்கத்தான டிவி?"

எல்லோரும் ஒத்துப்போனது ஒன்றில்தான். மீன் பிடிக்கும் இடம் எது என்று நிகழ்ச்சியில் சரியாகச் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தை மட்டும் சொல்லக் கூடாது.

அது நியாயம்தான். தூண்டில்காரன் இடத்தைச் சொல்ல மாட்டான். எனக்கும் மச்சானுக்கும் ஓர் இடம் உண்டு. சிமெண்ட் குழாய்க் கம்பெனிச் சுவருக்குப் பின்னால், உடைந்த குழாய் ஒன்று தண்ணீரில் பாதி முங்கிக் கிடக்கும் வளைவு. அதற்கு 'ஆபீஸ்' என்று பெயர். பஸ் ஸ்டாப்பில் நின்று "ஆபீசுக்குப் போறோம்" என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? "சம்பளமில்லாத ஆபீஸ்" என்பாள் மனைவி.

மாலை மச்சானைக் கேட்டேன். சொன்னான்.

"வெறுங்கையோட வீட்டுக்குப் போற ஒருத்தனக் காட்டச் சொல்லு மாமா. தூண்டில் தக்கை தண்ணியில சும்மா நிக்கணும். வெட்டாம காட்டணும். பாட்டு கூடாது. வருமா வராதான்னு எனக்குத் தெரியக் கூடாது. டிவியில எப்பவும் வந்துடுது. வந்துடும்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்குப் பார்க்குறது?"

கொஞ்ச நேரம் கழித்து: "என் முதுகு மாதிரி. ஆறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. எதுக்குப் பார்க்குறது?"

நோட்டை எடுத்து அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

நேற்று விலாசத்தின் வாலையும் பிடித்துவிட்டேன். இன்று கடிதத்தை எழுதி முடித்தேன். சலூன்காரருக்கு ஒரு வரி, வாட்ச்மேனுக்கு ஒரு வரி, மீதி எல்லாம் மச்சான் சொன்னது. இடம் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் வீட்டு போன் நம்பர், என் கையெழுத்து. நாட்டு இல்லை, எழுத்து!

"எனக்கு இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. கூலிங்கிளாஸுக்கு ரெண்டு பக்கமா?" என்றாள் மனைவி.

பிப்ரவரி 16, வியாழன்

டிவியிலிருந்து போன். ஒரு பெண். "ஐயா, உங்க கடிதத்த ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோம். அவ்வளவு அழகா இருந்துச்சு."

நான் எழுதியதை யாரோ உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் வாசித்திருக்கிறார்கள். காது சூடாகிவிட்டது.

"நீங்க சொல்ற மாதிரியே எடுக்கலாம்னு இருக்கோம். உங்க மச்சான் உட்கார்ற இடத்துலயே எடுத்தா நல்லா இருக்குமே. எங்க ஐயா அது?"

சொல்லிவிட்டேன். கம்பெனிச் சுவர், பின்பக்கச் சந்து, உடைந்த குழாய், எந்த பஸ், எந்த ஸ்டாப். எல்லாம்.

பிப்ரவரி 17, வெள்ளி

சொல்லியிருக்கக் கூடாதோ?

பிப்ரவரி 18, சனி

மச்சானிடம் ஒத்துக்கொண்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆபீஸக் காட்டுவாங்களா? அந்தத் தண்ணியவா?"

"ஆமா."

"குழாய் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

தலையை வாரிவிடச் சொன்னான். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டான். ஞாயிறு, திங்கள் கூட உட்கார வைக்கச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 21, செவ்வாய்

உட்கார வைக்கச் சொன்னான்! அவனே. நேற்றும் இன்றும்.

மார்ச் 1, புதன்

வேனில் வந்தார்கள். கூலிங்கிளாஸ் நேரில் குள்ளம். காலையிலிருந்து வெயில் சாயும் வரை கேமரா நின்றது. குழாய்க்கு இடது பக்கம், மச்சான் போடும் அதே இடத்தில் தக்கையைப் போடச் சொன்னேன். தக்கை நின்றது. அசையவே இல்லை. ஒரு கெண்டை கூட எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மீன் வராததற்காக இப்படி மகிழ்ந்த தூண்டில்காரன் எங்காவது உண்டா? கூலிங்கிளாஸ்தான் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் கேட்டான், "வந்துச்சா?"

"சொல்ல மாட்டேன். டிவியில பாரு."

"படுபாவி" என்று சிரித்தான். கடைசியாக எப்போது சிரித்தான் என்று நானும் அவன் அக்காவும் யோசித்தோம். ஞாபகம் வரவில்லை.

மார்ச் 11, சனி

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

நாலு மணிக்கே உட்கார்ந்துவிட்டான். சவரம் செய்துவிடச் சொன்னான். சட்டை மாற்றினோம். ஐந்து மணிக்கு ஆபீஸ் வந்தது. எங்கள் சுவர், எங்கள் குழாய். "அதோ அக்கா, அந்தக் கல்லு மேலதான் நான் உட்காருவேன்" என்று கையை நீட்டினான். பிறகு தக்கை. சிவப்புத் தலை, தேநீர் நிறத் தண்ணீரில் நேராக நின்றது. பாட்டு இல்லை. மூன்று பேரும் மூச்சு விடவில்லை. அவன் வலது கை போர்வை மேல் தூண்டிலைப் பிடிக்கிற மாதிரி மடங்கியிருந்தது.

திடீரென்று டிவியில் மேளம் அடித்தார்கள். தக்கை முங்கியது. கூலிங்கிளாஸ் "ஆஹா!" என்று கத்திக்கொண்டு குடம் மாதிரி ஒரு மீனைத் தூக்கினான்.

மச்சான் கை அப்படியே இருந்தது.

"சட்டை மாறிடுச்சு" என்றான். உண்மைதான். கூலிங்கிளாஸ் வேறு சட்டையில் இருந்தான். "தண்ணியும் நம்மது இல்ல. நம்ம தண்ணி நீலமா என்னைக்கு இருந்துச்சு? வேற எங்கயோ எடுத்து ஒட்டியிருக்கான்."

"மச்சான், அன்னைக்கு வரவே இல்லடா. சத்தியமா. நாள் பூரா ஒண்ணும் வரல."

"அதத்தானே மாமா கேட்டேன்."

சாப்பாடு அப்படியே இருந்தது. படுக்க வைக்கச் சொன்னான். நிகழ்ச்சி முடியவில்லை.

முடிவில் கூலிங்கிளாஸ் நன்றி சொன்னான், பஸ்ஸையும் ஸ்டாப்பையும் சொல்லி, நேயர்களே நீங்களும் போய்ப் பாருங்கள் என்றான்.

படுத்தபடி மச்சான் சொன்னான்: "எழுதப் படிக்கத் தெரியாத வரைக்கும் நீ நல்லவனாத்தான் இருந்தே மாமா."

கேலிக்குச் சொன்னான் என்று மனைவி சொல்கிறாள். கேலி மாதிரிதான் சொன்னான். ஆனாலும்.

மார்ச் 15, புதன்

ஆபீசுக்குப் போனேன். நிற்க இடமில்லை. பைக்குகள், குடைகள், பிளாஸ்டிக் கவர்கள். அந்தக் கல்லின் மேல் ஒருவன் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சலூன்காரர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்களே போய் இடத்தச் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 23, வியாழன்

ஆபீசைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ வழுக்கி விழுந்தார்களாம். புதிதாக ஒரு பலகை. யாரையும் கேட்காமல், ஒரு எழுத்தும் தடுமாறாமல், வெளியில் நின்று நானே வாசித்த முதல் பலகை.

"இங்கே மீன் பிடிக்கத் தடை. மீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்."

நன்றாகத்தான் வாசித்தேன்.

மார்ச் 25, சனி

டிவி வேண்டாம் என்றான். நான் விடவில்லை. பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, அவன் தக்கையை ஈயக் குண்டோடு கட்டி மிதக்கவிட்டு, கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். நேராகவே நின்றது. சிவப்புத் தலை, ஜன்னல் வெளிச்சம்.

தலையைத் திருப்பிப் பார்த்தான். எனக்காகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"அழகாத்தான் நிக்குது" என்றான். "ஆனா உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரியுமே மாமா."

ஏப்ரல் 3, திங்கள்

நர்ஸம்மா புண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டு மாற்றினார். வாசல் வரை போய் மனைவியிடம் மட்டும் ஏதோ சொன்னார். மனைவி திரும்பி வந்து நேரே சமையலறைக்குப் போனாள்.

ஏப்ரல் 8, சனி

கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னான். தலைமாடு இருந்த பக்கம் இப்போது கால்மாடு. அவனுக்கு எதிரே டிவி இல்லை, சுவர்.

ஐந்து மணிக்குப் பழக்கத்தில் டிவியைப் போட்டுவிட்டேன். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அடியில் எழுத்து ஓடியது. புதிது. ஒரே மூச்சில், முதல் தடவையிலேயே வாசித்துவிட்டேன். வாய்விட்டு வாசித்தேன்.

"உங்களுக்குத் தெரிந்த மீன்பிடி இடங்களை எங்களுக்குச் சொல்லுங்கள்."

ஒரு சொல் கூடத் தப்பவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், கட்டிலிலிருந்து ரயிலைப் பற்றி ஏதாவது வருமா என்று.

டிவியை நிறுத்தினேன். பேசின் தண்ணீரைக் கொண்டுபோய் வெளியே ஊற்றினேன். தக்கையைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடினேன்.