பேப்பரில் வந்த நம் டீக்கடை

என் அன்பு அண்ணனுக்கு,

மேலே போயும் விடிந்ததும் பேப்பரைத்தான் தேடிக்கொண்டிருப்பாய். அதனால் பேப்பர் சேதியிலிருந்தே தொடங்குகிறேன். நம் டீக்கடை செய்தியில் வந்துவிட்டது. அதுவும் இரண்டு முறை! முதல் முறை வந்ததைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். நான் அழுதேன்.

போன பௌர்ணமிக்கு முந்தின நாள் நம் அடி அண்ணாமலையில் அதிகாரிகள் கடை கடையாகச் சோதனை போட்டார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு கடையிலிருந்து குட்காவை மூட்டையாக எடுத்தார்கள். செய்தி சேகரிக்க உன்னோடு ஒரே பைக்கில் சுற்றிய குமார்தான் படம் எடுக்க வந்திருந்தான். "சந்துல வெளிச்சம் கம்மியா இருக்கு சார், இப்படி வாங்க" என்று அதிகாரிகளை மூட்டையோடு நம் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நானும் வெயிலில் நிற்கிறார்களே என்று எல்லோருக்கும் டீ கொடுத்தேன்.

மறுநாள் பேப்பரில் அதிகாரிகள், மூட்டை, அவர்கள் தலைக்கு மேலே பளிச்சென்று நம் கடைப் பெயர்ப்பலகை. கீழே, "குட்கா பறிமுதல், கடைக்குச் சீல்." நீ போன பிறகு ஒரு பீடிகூட விற்காத கடை, அண்ணா! கிரிவலம் வருகிறவர்கள் சிகரெட் கேட்டு, இல்லையென்றதும் டீயும் குடிக்காமல் போவார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு நடத்துகிற கடை. தினமும் வரும் ஸ்கூல் டீச்சர் அன்றைக்கு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

குமாருக்குப் போன் போட்டேன். "இன்னாடா குமாரு, மூட்டை எவன்துதோ, போர்டு மட்டும் என்னுதா?"

பதறிக்கொண்டு ஓடிவந்தான். "வெளிச்சத்துக்காக நிக்க வெச்சேன்க்கா. எப்பவும் அப்படித்தான் எடுப்போம். அண்ணனும் அப்படித்தான் எடுப்பாரு."

செத்த பிறகும் என்னிடம் திட்டு வாங்கிய ஆள் நீ ஒருவன்தான்.

உள்பக்கத்தில் சின்னதாகத் திருத்தம் போடுவதாகச் சொன்னான். "மூலையில போட்டா எவன் படிப்பான்? அதே எடத்துல போடு. நான் ஏன் விக்கிறதில்லைனு எழுது" என்றேன். பேனாவைத் திறந்தவன் மூடிவிட்டான்.

"அப்போ அண்ணன் எப்படிப் போனாருன்னும் எழுதணுமேக்கா."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வருஷா வருஷம் புகையிலை எதிர்ப்பு நாளில் பிள்ளைகள் கை நீட்டி உறுதிமொழி எடுக்கும் படத்தை அனுப்பிவிட்டு, நேராக நம் கடைக்குப் பின்னால் போய்ப் பற்ற வைப்பாய். புது விதி வந்தால் விதியை எழுதினாய். சோதனை நடந்தால் அதிகாரிகள் பெயரை ஒன்றுவிடாமல் எழுதினாய். இருமுகிறவனைப் பற்றி எப்போதாவது எழுதினாயா? நுரையீரல் புற்றுநோயில் நீ போனபோது உன் பேப்பரும் "உடல்நலக் குறைவால் காலமானார்" என்று முடித்துக்கொண்டது. அது யாருடைய மானத்தைக் காப்பாற்ற அண்ணா? உன் மானத்தையா, சிகரெட்டின் மானத்தையா?

நான் மட்டும் முடிவெடுக்கிற விஷயமா இது? அண்ணிக்குப் போன் செய்து கேட்டேன். "எழுதச் சொல்லும்மா. ஊர் சேதியெல்லாம் எழுதினாரு, அவர் சேதிய மட்டும் ஏன் மறைக்கணும்?" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்தது. அதே பக்கம், அதே பெயர்ப்பலகை, கீழே நான் டீ ஆற்றிக்கொண்டு நிற்கிறேன். முதல் வரியிலேயே உன் பெயர். நிருபராக இருந்தவர், சிகரெட்டால் இறந்தவர் என்று போட்டிருந்தான். இரண்டு முறை படித்தேன். மனசு லேசாகிவிட்டது, அண்ணா. டீச்சர் திரும்ப வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பேப்பரைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டு இருமலைப் பற்றிச் சொல்ல ஆட்கள் வருகிறார்கள். டீ ஆற நேரமில்லை, போ!

சிகரெட்டை விட்டாயா என்று குமாரைக் கேட்டால், "கம்மி பண்ணிட்டேன்க்கா" என்கிறான். "கம்மியும் வேணாம், ஜாஸ்தியும் வேணாம், விட்டுத் தொலைடா" என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்குக் கோபமா? இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கடை இருக்கிற வரைக்கும் இங்கே பீடி, சிகரெட் கிடையாது. நீயே வாசலில் வந்து நின்று, "ஒண்ணே ஒண்ணு குடும்மா" என்று கெஞ்சினாலும் கிடையாது. டீ போட்டுத் தருகிறேன், உட்கார்ந்து நிதானமாகக் குடி. இந்த முறை உன்னைப் போகவிட மாட்டேன்.

இன்னும் உன்னைத் திட்டித் தீராத
உன் தங்கச்சி,
செல்வி