ஒன்பது மூடை உப்பு

4-10-1982, திங்கள்
வைகறையில் ஊர்க்கிணற்றில் நீராடி, ஒரு கை நீர் பருகிச் சுவை கண்டு, ஈசனுக்கு ஒரு குடம் சுமந்தேன். முப்பத்தோராண்டு வழக்கம்.

நேற்று சாவடியில் கூட்டம். ஐந்தூர்க் குப்பையையும் மலத்தையும் கொணர்ந்து உரமாக்கும் ஆலையை, நம் கிணற்றுக்கு மேற்கேயுள்ள கிராவல் குழியில் அமைக்க ஒரு கம்பெனி முனைந்துள்ளது. எதிர்த்து நான் எழுதிய மனுவைப் படித்தேன். இடையிடையே எட்டு வெண்பா. ஆறாம் வெண்பாவில் ஒச்சாண்டி கொட்டாவி விட்டான்.

அப்போது எழுந்தாள் சந்தனம்மாள். மாடு வைத்துப் பால் ஊற்றுபவள்; கையெழுத்தறியாதவள். "அந்தக் குழிக்கும் நம்ம கெணத்துக்கும் நடுவுல என்னப்பா இருக்கு? மண்ணு. மண்ணுன்னா சல்லடை. அங்கன ஊத்துனா இங்கன குடிக்கணும்." அவ்வளவே. சாவடி அதிர்ந்தது. மனுவின் தலைப்பில் அவள் கைநாட்டு. என் கையொப்பம் பதினேழாவது.

எட்டு வெண்பாவிலும் தளை பிழைக்கவில்லை.

7-10-1982, வியாழன்
பதிகம் ஓதுகையில் அவள் குரலே காதில் நின்றது. பிழை பொறுக்க வேண்டும், பெருமானே.

9-10-1982, சனி
நல்ல மழை.

11-10-1982, திங்கள்
நீர் கரிக்கிறது. இருமுறை பருகிப் பார்த்தேன், ஐயமில்லை. என்ன குற்றம் செய்தோமோ? வேறு நீரின்றி ஈசனை அதிலேயே நீராட்டினேன்.

இன்றும் அவள் வீட்டு வாசலில் கூட்டம். தேநீர் வேறு. நாற்பது மாடு மேய்த்தவள் ஊரை மேய்க்கத் துணிந்தாள்; ஊரும் தலையாட்டிப் பின்செல்கிறது. கற்றவன் சொல்லுக்கு இவ்வூரில் புண்ணாக்கின் விலையும் இல்லை. — இதை ஏன் எழுதுகிறேன்? எழுதாவிட்டால் நெஞ்சு வேகிறது.

13-10-1982, புதன்
இன்னும் கரிக்கிறது.

16-10-1982, சனி
மீண்டும் பெருமழை. நீர் தெளிந்து பழைய சுவைக்குத் திரும்பிற்று.

22-10-1982, வெள்ளி
அவள் என் வீடு தேடி வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. மழைக்கு முதநாளு அந்தக் குழியில ஒம்பது மூடை உப்பக் கொட்டுனேன். ராஜாத்தி கடையில நனைஞ்சு வீணாப் போனது. தண்ணி கரிச்சுச்சா இல்லையா?"

ஆண்டவன் திருமேனியில் உப்புநீரை ஊற்ற வைத்தாயே, என்னிடம் ஒரு சொல் சொன்னாயா என்றேன்.

"சொல்லியிருந்தா ஒங்க நாக்கு மொதநாளே கரிச்சிருக்கும். சாமி நாலு நாளு பொறுத்துக்கிருவாரு. பீத்தண்ணி வந்தா ஆயுசுக்கும்ல பொறுக்கணும்."

செவ்வாயன்று மனுமீது விசாரணைக்கு அதிகாரி வருகிறாராம். கிணற்றில் இப்போது உப்பில்லை. ஊரார் வாய்ச்சொல்லைக் கட்டுக்கதை என்பார்கள். "நீங்க தெனமும் எழுதுறது ஊருக்கே தெரியும். தேதி போட்ட அந்த ஏடு வேணும்ணே."

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் போனபின் புரட்டினேன். கரிப்பும் அவள்மேல் என் காய்ச்சலும் ஒரே பக்கத்தில்.

24-10-1982, ஞாயிறு
கரிப்பை மட்டும் புதுத்தாளில் பெயர்த்தெழுதித் தந்தால்? இன்றைய மைக்குப் பதின்மூன்று நாள் முந்திய தேதி. பொய்ச்சாட்சி. அப்பக்கத்தைத் தொலைத்துவிட்டால்? அவள் தோற்பாள். — நினைத்தேன். ஒரு நாழிகை நினைத்தேன். அவள் தோற்றால் கிணறும் தோற்கும் என்பது அதன் பிறகே உறைத்தது. இத்தனை ஓதியும் இவ்வளவுதானா நான்?

26-10-1982, செவ்வாய்
சாவடியில் விசாரணை. குழியில் உப்புக் கொட்டியதையும் கிணறு கரித்ததையும் அவள் சொன்னாள்; ஊரார் ஆமென்றனர். கம்பெனி ஆள் சிரித்தான்: "ஊர்க்காரங்க ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டுச் சொல்றது சார்."

ஏட்டைக் கொடுத்தேன். அதிகாரி பதினோராம் தேதியை உரக்கப் படித்தார். கரிப்போடு நிறுத்துவார் என்றிருந்தேன். நிறுத்தவில்லை. மேய்த்தது, தலையாட்டியது, புண்ணாக்கு — எல்லாம். தரையைப் பார்த்தபடி நின்றேன்.

அவள்தான் பேசினாள். "சரியாத்தானண்ணே எழுதியிருக்கீக. மாடாவது சொன்னாக் கேக்கும். இந்த ஊரு எங்க கேக்குது?"

சாவடியே சிரித்தது, என்னைப் பார்த்து அல்ல, என்னோடு சேர்ந்து. அதையும் அவளே செய்தாள்.

அதிகாரி ஏட்டை மூடினார். "இந்தம்மாவுக்கு ஆகாதவர் எழுதினது. இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். இந்த இடம் கூடாதுன்னு எழுதிடறேன்."

30-10-1982, சனி
கம்பெனி ஆட்களே வந்து அளவுக்கு அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்கிச் சென்றனர்.

1-11-1982, திங்கள்
ஐப்பசிப் பௌர்ணமி. அன்னாபிஷேகம். நான் சுமந்த நீரில், வழக்கப்படி உப்பிடாமல் வடித்த சோறு. ஆண்டுதோறும் முதற்பிடி எனக்கு. இவ்வாண்டு அவளுக்கென்று ஊர் முடிவு செய்திருந்தது. நியாயமே. நியாயம் என்று மூன்று முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் கை நீட்டவில்லை. "கரிச்ச தண்ணியக் குடிச்சவுக அவுகதான். அவுகளுக்கே குடுங்கப்பா."

விட்டுக்கொடுப்பதிலும் முந்திக்கொண்டாள்.

வாங்கினேன். இரண்டாகப் பகுத்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினேன். பெரியதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். இருவரும் வாயிலிட்டோம். அவள் என் முகத்தையே பார்த்திருந்தாள்.

"கரிக்குதாண்ணே?"

இல்லை என்றேன்.