அம்மா படுக்கும் நீளத்துக்கு ஒரு கார்

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் கிடந்த துணியில் பாதி பக்கத்து வீட்டு மொட்டைமாடியில். மழை இல்லை, அதன் வாசனை மட்டும்.

இன்றைய வேலை: அம்மாவை அளந்தது. டேப்பின் நுனியை உள்ளங்காலில் அழுத்திக்கொண்டு உச்சந்தலை வரை இழுத்தேன்.

"ஜாக்கெட்டுக்கா அம்மணி அளக்கற? இத்தன துணி ஆவாதே."

தலையணையோடு சேர்த்தால் ஐந்தே முக்கால் அடி வேண்டும்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் நிற்க முடியும், மெல்ல நாலு எட்டு நடக்க முடியும், படுக்க முடியும். உட்கார மட்டும் முடியாது. உட்கார முடியாதவருக்கு பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கார் இல்லை. ஆம்புலன்ஸ்தான். கடைசியாக அதில் போனபோது சிங்காநல்லூர் சிக்னலில் பைக்கில் நின்ற ஒருவர் கண்ணாடி வழியே பார்த்து, நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டாராம். "நானும் திருப்பிக் கும்பிட்டேன். பாவம், அரண்டு போயிட்டாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கப்புறம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. பார்க்க வருகிறவர்களையும் வேண்டாம் என்கிறார்.

அதனால் ஸ்டேஷன் வேகன். பின்சீட்டை மடித்தால் பின்கதவு வரை ஒரே சமதளம். தரையும் தாழ்வு. இங்கே அதிகம் பேர் வாங்காத வகை, அதனால் பழசு மலிவு. புதுசாக இவ்வளவு நீளத்தில் ஒன்றை நான் நினைக்கவே முடியாது.

இதுவரை பார்த்தவை:
ஒண்டிப்புதூர் – நீளம் சரி. தரையில் ஓட்டை, கீழே ரோடு தெரிகிறது.
சரவணம்பட்டி – விலை கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.
பேரூர் – படத்தில் நீளம், நேரில் குட்டை.

ஜூன் 11, புதன்

ஆபீஸில் மதியம் தலைவலி. பஸ்ஸில் போனில் தேடினேன். பல்லடம் பக்கம் ஒன்று. ஒரே படம், அதுவும் பாதி வண்டிதான். மீதி படத்துக்குள் அடங்கவில்லை. இதைவிட நல்ல விளம்பரம் இருக்க முடியாது.

கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண். பின்னால் ஆயிரக்கணக்கான கோழிகள்.

"வந்து பாருங்க கண்ணு. போன்ல பாத்தா வண்டி வெக்கப்படும்."

இரவு திமிங்கிலங்களைப் பற்றிய புத்தகம். இரண்டு பக்கம். மனம் அதில் இல்லை.

ஜூன் 14, சனி

பஷீர் பாய் துணைக்கு வந்தார். உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கிறார், அப்பா இருந்த காலத்திலிருந்தே எங்கள் ஸ்கூட்டருக்கு மெக்கானிக். பஸ்ஸில் முழுக்கத் தூங்கினார்.

கோழிக் கொட்டகையின் நிழலில் அது கிடந்தது. நின்றது என்று எழுத வரவில்லை. வெளிறிய பச்சை. முன்னாலிருந்து பார்த்தால் சாதாரணக் கார்தான். பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தேன். கதவு முடிந்தது, இன்னொரு கதவு, அதுவும் முடிந்தது, கார் முடியவில்லை. ஒரு நீளமான கண்ணாடி, அதற்குப் பின்னும் கொஞ்சம் கார். முடிகிற இடத்துக்கு வந்தபோது காரணமில்லாமல் கண் கலங்கியது. ஒரு இரும்புச் சாமானைப் பார்த்து. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சொந்தக்காரர் சரஸ்வதி அக்கா. இத்தனை வருஷமும் இதில்தான் முட்டை ஏற்றியிருக்கிறார். இப்போது பிக்அப் வாங்கிவிட்டார்களாம். உள்ளே தீவன வாசனை, ஒரு வெள்ளை இறகு, நசுங்கிய முட்டை அட்டை.

"ஒரு முட்டை ஒடஞ்சதில்லீங்க இதுல. அத்தன பதனமா போகும்."

எனக்கு அது போதும். பஷீர் பாய்க்குப் போதாது. அடியில் புகுந்தார், எஞ்சினில் காது வைத்தார், ஓட்டிப் பார்த்தார். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறி நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாய், தூங்கிறாதீங்க."

"நான் ஆறடிம்மா. எனக்கே காலு முட்டலை. உங்கம்மா உருண்டே படுக்கலாம்."

விலையும் படிந்தது. அட்வான்ஸை நீட்டினேன். அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பூ கேக்காம வாங்கக் கூடாதுங்க. மாடு, வண்டி, நெலம், எது ஊட்ட உட்டுப் போனாலும் எங்க கருப்பராயன்கிட்டக் கேட்டுத்தான் குடுக்கறது. திங்கக்கெழம வந்துருங்க."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் சரி.

திரும்பும்போது பஷீர் பாய்: "எஞ்சின்ல குறைன்னா நான் சொல்லலாம். இதுல நான் என்னம்மா சொல்ல."

ஜூன் 16, திங்கள்

அரை நாள் லீவு. கோயில் என்றால் வேப்பமரமும் ஒரு வேலும்தான். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் பூசாரி பொட்டலத்தைப் பிரித்தபோது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

சிவப்பு. அரளி.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. வெல பத்தலைன்னு இல்ல. உத்தரவு இல்லாம எப்படிக் குடுக்கறது?" பொய்யில்லை. கையில் ஒரு அட்டை முட்டை கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் மடியில் முட்டை. சோமனூர் ஆட்கள் இரண்டு பேர் நூல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். கோபப்பட ஆளே இல்லை. யார் மேல் கோபப்படுவது?

ஜூன் 17, செவ்வாய்

காற்று குறையவில்லை. இரண்டு வேளையும் முட்டை.

அம்மாவிடம் நேற்றே சொல்ல வாய் வரவில்லை. இன்று சொன்னேன். கேட்டுவிட்டு மேலே சுழலும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னு கேட்டாங்க?"

"வண்டிய விக்கட்டுமான்னு."

"யாருக்கு, எதுக்குன்னு?"

"அதெல்லாம் கேக்கலைங்கம்மா."

"போனப் போடு."

நம்ப முடியவில்லை. சொந்தத் தங்கையிடமே பேசாதவர். ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின் மேல் வைத்தேன். முதலில் கோழி விலை. பிறகு முதுகு. பிறகு இருவருக்கும் பொதுவாக ஆஸ்பத்திரிக் காப்பி. நான் அரிசி கழுவி உலையில் போட்டுவிட்டு வந்தபோதும் விஷயத்துக்கு வரவில்லை. அப்புறம்:

"ஏனுங்க சரஸ்வதி, பொதுவா விக்கட்டுமான்னு கேட்டா எந்தச் சாமிங்க சரிங்கும்? உங்க ஊட்டுல ஒழச்ச வண்டி."

"நெசந்தானுங்க. அவசரத்துல வெவரமாக் கேக்காம உட்டுப்போட்டேன். ஆனா அதே கேள்விய மறுக்காக் கேக்க முடியாதுங்களே."

"அதே கேள்வி எதுக்கு? உக்கார முடியாத ஒருத்தி இதுல படுத்துட்டுப் போலாமான்னு கேளுங்க."

அந்தப் பக்கம் கோழிகள் மட்டும். பிறகு, "அப்படிக் கேக்கறதுன்னா அந்த ஆளே வந்து சாமி முன்னால நிக்கோணுமுங்க."

வெளியே நிற்பது. ஊரார் கண்ணில் படுவது. வேண்டாம் என்பார் என்று போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"நிக்கறதுக்கு ஆவுமுங்க," என்றார் அம்மா. "உக்காரத்தான் ஆவாது."

"அப்ப வெள்ளிக்கெழம நானே வண்டியக் கொண்டுட்டு வாரேன்."

ஜூன் 20, வெள்ளி

சொன்னபடி வந்தார், தனியாக ஓட்டிக்கொண்டு. எங்கள் தெருவில் கார் இரண்டு வீட்டை மறைத்து நின்றது. தீவன வாசனை போகக் கழுவியிருந்தார். போகவில்லை.

மெத்தையை உள்ளே தள்ளினோம். அம்மா நீலச் சேலை. வாசலில் கொஞ்சம் நின்றார். எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். யாரும் யாரையும் கும்பிடவில்லை. நாலு எட்டு, பின்கதவு, ஒருக்களித்துச் சாய்ந்து அப்படியே உள்ளே. கால் முட்டவில்லை.

நான் பக்கத்தில் முட்டிபோட்டுக்கொண்டு வந்தேன். எங்களுக்குப் போகிற ரோடு தெரியாது, பின்கண்ணாடியில் விட்டுவந்த ரோடுதான். மரங்கள் எங்கள் தலைக்கு மேலாக வந்து முன்னே விரிந்து சின்னதாகின. அப்புறம் காற்றாலைகள். ஒவ்வொன்றும் கூரைக்குப் பின்னாலிருந்து திடீரென்று கண்ணாடியில் நுழைந்து, முழு உயரமும் நின்று, மெதுவாகக் கையைச் சுற்றியது. எத்தனை தடவை இந்த வழியில் போயிருக்கிறேன். இவற்றை இப்போதுதான் பார்க்கிறேன். அம்மா வாயைக் கொஞ்சம் திறந்தபடி கிடந்தார். நானும்தான் என்று பிறகு தெரிந்தது.

வேப்பமரத்தடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேள்வியை அவரே சத்தமாகக் கேட்டார். பூசாரி எடுத்த பொட்டலத்தை அக்கா அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா பிரிக்கவில்லை. வண்டிக்குத் திரும்பி, படுத்துக்கொண்டு, பொட்டலத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"பிரிங்கம்மா."

"செகப்பா இருந்தாலும் என்னைய ஊட்டுல கொண்டுபோயி உடோணுமில்ல?"

"உடோணுமுங்க," என்றார் அக்கா.

"அப்பச் சுத்து வழியில போச் சொல்லு அம்மணி."

பிறகுதான் பிரித்தார். வெள்ளை. நந்தியாவட்டை. அக்கா சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, முன்னால் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

கிளட்ச் கொஞ்சம் கனம். சூலூர் வழியாக வீட்டுக்குப் போகும் நேர்ரோட்டை விட்டு, சுற்று வழியில் காமநாயக்கன்பாளையம் பக்கம் திருப்பினேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். இரண்டு பாதங்கள், அதற்கப்பால் வானம்.