குரோட்டன்ஸ் பிழைத்தால் நானும் இருப்பேன்

14-11-61, புதூர்நாடு

இன்றும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அல்லா மன்னிக்கட்டும்.

அம்மா கொடுத்தனுப்பிய குரோட்டன்ஸ். வாணியம்பாடியிலிருந்து ஜீப்பில் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி மலை ஏறிய முதல் வாரமே இவரிடம் அழுதுவிட்டேன். "இந்தக் குளிருல இந்தச் செடியே பிழைக்காதுங்க, நான் எப்படிப் பிழைப்பேன்?"

இவர் கடுக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தார். மலையில் கடுக்காய் வாங்கி கீழே தோல் பதனிடும் ஷாப்களுக்கு அனுப்புவதுதான் இவர் தொழில். மலையை விட்டு இறங்கினால் பிழைப்பு பாதியாகிவிடும். ஆனாலும் சொன்னார்: "ரம்ஜான் நோன்புப் பிறை வரைக்கும் பாரு ஜெய்பு. செடி பிழைச்சா நீயும் இரு. செத்துச்சுன்னா ஊர்லயே வூடு பாத்துடறேன்." இவருடைய அம்மா, என் மாமி, சாட்சி.

அதனால்தான் ஊற்றவில்லை. பாவம்தான். நான் மட்டும் பாவம் இல்லையா?

25-11-61

சாகவில்லை. புது இலை வேறு விட்டிருக்கிறது, சிவப்பாக, என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிற மாதிரி. மண்ணும் ஈரமாக இருக்கிறது. கேட்டால், "மலைப்பனி அப்பிடித்தான்" என்கிறார் இவர். பனி ஜன்னலைத் தாண்டி வந்து தொட்டிக்குள் மட்டும் இறங்குமா?

3-12-61

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் தண்ணீர் எடுக்க ஊற்றுக்குக் கூப்பிட்டாள். "வூட்டுக்குள்ளயே குந்திக்கினு இன்னா பண்றே? வா." போனேன். ஊரில் திரை போட்ட வண்டியில் பள்ளிக்கூடம் போனவள் நான். இங்கே பாறைமேல் ஏறி நின்றேன், கீழே ஒரே பச்சை, யாரும் "உள்ளே போ" என்று சொல்லவில்லை. கால் வலிக்கிறது. நாளைக்கும் போகலாமா என்று நானே கேட்டுவிட்டேன்.

சாயங்காலம் இவர் கணப்பில் வேர்க்கடலை வறுத்தார். கருக்கிவிட்டார். கருகியதை எல்லாம் தாமே தின்று, நல்லதாகப் பொறுக்கி என் பக்கம் தள்ளினார்.

11-12-61

செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

18-12-61

இலை மஞ்சளாகிறது! தாகமோ? இரண்டு டம்ளர்.

22-12-61

இலைகள் கொட்டுகின்றன. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. ஊற்ற ஊற்றத் தொங்குகிறது.

இவர் உதிர்ந்த இலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "போறதுன்னா வாயால சொல்லிட்டுப் போ ஜெய்பு. வாயில்லாத செடிய ஏன் கொல்றே?"

நானா? நானா கொல்றேன்? ஊத்தி ஊத்தி கை ஓஞ்சு போச்சு, என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை! ஆனால் முன்னே ஊற்றாமல் போட்டதை நினைத்தால் எந்த வாயால் இல்லை என்பது?

23-12-61

விடியுமுன் பஜர் தொழுகைக்கு எழுந்து சொம்போடு போனால், ஜன்னலோரம் மாமி. தொட்டிக்கு மேல் கையை நீட்டிக் கழுவி ஒளு செய்துகொண்டிருக்கிறார்! கையும் களவுமாகப் பிடித்தேன்.

"வெளியில பனியில கால் வெறைக்குதும்மா. ஒளு தண்ணி வீணாப் போவலாமா? உன் செடிக்காவது ஆவட்டுமேன்னு..."

"எத்தனை வேளை மாமி?"

"இதென்ன கேள்வி? தொழுகை எத்தனை வேளையோ அத்தனை வேளை."

சத்தம் கேட்டு இவர் எழுந்து வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாப்பிட்டு எழும்போதெல்லாம் டம்ளரில் மிஞ்சியதைக் கவிழ்ப்பாராம். முதல் வாரத்திலிருந்தே. மலைப்பனி!

கன்னியம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவள் கூசவே இல்லை. "பாய்தான் சொன்னாரு, செடி பட்டுப்போனா நீ பூடுவியாமே. அதான் தெனம் ஜன்னல் வழியா கொடத்துல அரைக் கொடம் ஊத்தறேன். இன்னா தப்பு?"

தொட்டியைத் தூக்கப் போனேன், அசையவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் அடியில் ஓட்டையே காணோம். தரை பாழாகிறது என்று மாமி கந்தல் துணி வைத்து இறுக்கி அடைத்திருக்கிறார். துணியைப் பிடுங்கினேன். குழாயைத் திறந்துவிட்டது போல நாறும் தண்ணீர் வீடெல்லாம் ஓடியது, கடுக்காய் மூட்டை வரைக்கும்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் திட்டுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் ஓவென்று அழுதேன். என்னை இருக்க வைக்கவா இத்தனை தண்ணீர்?

இனி சட்டம் என்னுடையது. மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், காய்ந்திருந்தால்தான் ஒரு டம்ளர். ஊற்றுவது நான் மட்டும். மாமிக்கு ஒளு செய்யத் தனியாக ஒரு தாம்பாளம்.

6-1-62

கடைசி இலையும் விழுந்தது. குச்சி நிற்கிறது. "பட்டைய நகத்தால கீறிப் பாக்கணும், உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம்" என்று இவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். யாரும் கீறப் போகவில்லை.

21-1-62

வீட்டில் யாரும் இல்லாத நேரம் கீறினேன். பச்சை இல்லை. காய்ந்த சுள்ளி.

யாரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒப்பந்தப்படி மூட்டை கட்ட வேண்டும். எனக்குப் போக இஷ்டமில்லை. எழுதிவிட்டேன், இஷ்டமில்லை.

3-2-62

பாஷா அண்ணன் என்னைக் கூட்டிப்போக ஜீப்பில் வந்துவிட்டான். அஞ்சாம் தேதி எட்டு கிரகம் ஒன்று சேர்ந்து உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாம், அம்மா பயப்படுகிறாளாம். செடி ஒப்பந்தத்தை நான் முன்பே அம்மாவுக்கு எழுதியிருந்தேன், வந்தவன் நேராகத் தொட்டியைப் பார்த்தான்.

"செத்துப்போச்சே! கெளம்பு ஜெய்பு."

"எங்க செத்துச்சு? தூங்குது," என்றேன்.

"குளிர் காலத்துல அப்பிடித்தான் நிக்கும்," என்றார் இவர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணன் நகத்தை நீட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். மாமி குறுக்கே வந்து நின்றுவிட்டார். பொய்யே சொல்லத் தெரியாத மாமி! "பச்சப்புள்ள மாதிரி கெடக்குது தம்பி, அதைக் கீறாதே. வேர்ல உசுரு கீது."

கன்னியம்மாள் வாசலில் நின்று, "ஆமா ஆமா, நானே பாத்தேன்," என்றாள்.

"உலகம் அழியப்போவுதுன்றேன், குச்சியப் புடிச்சிக்கினு நிக்கிறீங்களே!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அழியறதுன்னா இங்கயே அழியறேன்."

மலைத்தேன் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினோம்.

6-2-62

உலகம் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் பாறைமேல் ஏறி நின்று பிறை பார்த்தோம், மாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய். நாளை நோன்பு.

வந்து விளக்கை ஏற்றித் தொட்டியைத் துடைத்தேன். நான் கீறியது ஜன்னல் பக்கம். சுவர்ப் பக்கம் கட்டைவிரல் அகலத்தில் இன்னொரு கீறல், இவருடையதுதான். கொஞ்சம் கீழே சன்னமாக ஒன்று, ஓரத்தில் மாமி விரலில் அரைத்து வைத்த மருதாணி ஒட்டிய சிவப்பு. அடியில் அரிவாள் முனையால் ஒன்று. கன்னியம்மாள் நகத்தையெல்லாம் நம்புகிறவள் இல்லை.

எல்லாமே உள்ளே சுள்ளி.

"தண்ணி ஊத்திட்டியா ஜெய்பு?" என்று இவர் அங்கிருந்தே கேட்டார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இதோ ஊத்தறேங்க," என்று ஒரு டம்ளர் ஊற்றினேன்.