புது ப்ளேயரும் மூன்று சீட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு. முதலில் உன்னோடு சண்டை போட வேண்டும்.

புது ப்ளேயர் விஷயத்தில் உன்னை யார் நாட்டாமை பண்ணச் சொன்னது? உன் அத்தான் போனில் யோசனை கேட்டாராம். நீயும், "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க அத்தான், ஹெச்.டி.யில ஒரு தடவ பாத்துட்டா பழசத் தொடவே மாட்டீங்க" என்று சொன்னாயாம். அன்றிலிருந்து அதையே ஒப்பித்துக்கொண்டு திரிகிறார். சாப்பிட உட்கார்ந்தால் அது. லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அது. என் கூடப் பிறந்தவளே சொல்லிவிட்டாளாம், நான் யார் தடுப்பதற்கு? நீ அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தையை விட்டுவிட்டாய். இங்கே வீடு ரெண்டுபட்டுக் கிடந்தது.

இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் போன் இருப்பது டிவிக்குப் பக்கத்தில். நான் ஒரு வார்த்தை பேசினால் உன் அத்தானுக்கும் மகளுக்கும் கேட்டு, மாடி வீட்டு டீச்சருக்கும் கேட்கும். அதனால் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். இது மூன்றாவது நாள்.

பழைய டிவிடி ப்ளேயருக்கு என்ன கேடு, நீயே சொல். டிஸ்க்கைப் போட்டால் படம் ஓடுகிறது. எப்போதாவது உள்ளே போனதை வெளியே விடாமல் அடம் பிடிக்கும். உன் அத்தான் பக்கவாட்டில் ஒரு அடி கொடுத்தால் துப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் மூன்று பேரும் பாய் விரித்து ஒரு படம் பார்ப்போம். வாரத்தில் நாங்கள் மூவரும் சண்டை இல்லாமல் ஒரே பக்கம் பார்த்து உட்காருவது அந்த இரண்டரை மணி நேரம்தான். அதற்கு இந்தப் ப்ளேயர் போதாதா? போதாதாம். போன வருஷம் ஆசைப்பட்டு ஒரு பெரிய டிவி வாங்கினாரே, அதில் பழைய ப்ளேயரைப் போட்டால் படம் கஞ்சித் தண்ணீரில் நனைத்த மாதிரி இருக்கிறதாம். "யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா?" என்கிறார். யானையையே யார் வாங்கச் சொன்னது என்று கேட்டேன். மகள் அப்பா பக்கம். கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நான் சொல்வதெல்லாம் போன நூற்றாண்டுப் பேச்சு.

போன சனிக்கிழமை இரண்டு பேரும் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே டை கட்டிய ஒரு கடைக்காரர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவி வைத்து, ஒன்றில் பழைய மாதிரி, மற்றதில் புது மாதிரி, ஒரே படத்தை ஓடவிட்டிருந்தார். மழையில் ஒரு பெண் நிற்கிறாள். "பாருங்கம்மா, இதுல அந்தப் பொண்ணோட இமை முடிய ஒண்ணொண்ணா எண்ணலாம்" என்றார். முன்பின் தெரியாத பெண்ணின் இமை முடியை நான் ஏன் எண்ண வேண்டும் என்று கேட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். உன் அத்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். கடைக்காரர் உன் அத்தானைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "அம்மாவுக்கு வாங்க மனசில்ல சார், அதான் தெரியல" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பதினாறு வருஷமாகச் சட்டை செக்கிங் பண்ணுகிறவள் நான். மேசைமேல் சட்டையை விரித்துப்போட்டு, காலர், கை, பட்டன் பட்டி என்று கண்ணை ஒரு ஓட்டு ஓட்டினால் எங்கே ஒரு தையல் தாண்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் ஒட்டியதுதான், தைத்தவள் பிரித்துத் தைத்தே ஆக வேண்டும். என் கண்ணைப் பார்த்தா அந்த ஆள் சிமிட்டுகிறான்? ஏமாற்று வேலை, டிவி கம்பெனியும் ப்ளேயர் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து அடிக்கிற கொள்ளை என்று கடையிலேயே கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் அசரவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் வீட்டில் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று பெட்டியோடு, அந்த மழைப் படத்தையும் பழைய டிஸ்க்கில் ஒன்று, புது டிஸ்க்கில் ஒன்று என்று கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு செய்தேன். கம்பெனியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டையில் குறை இருக்கிறதா இல்லையா என்று தகராறு வந்தால், மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும். இரண்டு சீட்டு சொல்வதுதான் தீர்ப்பு. எவள் சீட்டு மட்டும் தனியாக மாறி நிற்கிறதோ, அவள் அன்றைக்குச் செக்கிங் மேசையை விட்டு எழுந்து மடிக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். கண்ணுக்கு ஓய்வு என்று அதற்குப் பெயர். இந்த வழக்கத்தில் கறாராக இருப்பவள் நான்தான். எத்தனையோ பேரை எழுப்பிவிட்டிருக்கிறேன். "மூஞ்ச கழுவிட்டு நாளைக்கு வா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியும் இருக்கிறேன்.

அதை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடத்தினேன். உன் அத்தான் இரண்டு ப்ளேயரையும் டிவியில் மாட்டி, மேலே துண்டைப் போட்டு மூடி, எது முதலில் எது இரண்டாவது என்று சொல்லாமல் ஓட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் நான், மகள், மாடி வீட்டு டீச்சர். டீச்சருக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பத்து வருஷமாக ஒரு கறுப்பு வெள்ளை டிவியோடு குடித்தனம் பண்ணுகிற மனுஷி அவர். அவர் சீட்டு என் பக்கம்தான் விழும் என்று எனக்கு அத்தனை நிச்சயம். அந்த மழைப் படத்திலேயே ஒரு ஆள் மொட்டை மாடியில் நின்று கடிதம் படிக்கிற காட்சி. முதலில் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை ஓட்டினார். மூன்று பேரும் எழுதி மடித்துக் கொடுத்தோம். நானே பிரித்தேன்.

டீச்சர் எழுதியிருந்தது: "இரண்டாவதுதான் புதியது. அவர் கையில் உள்ள கடிதத்தில் வரிகள் தெரிகின்றன."

மகள் எழுதியிருந்தது: "ரெண்டாவது. அவர் சட்டைக் காலர்ல தையல்கூட தெரியுது."

நான் எழுதியிருந்தது: "ரெண்டும் ஒண்ணு."

காலர் தையல், கேட்டாயா? பதினாறு வருஷமாக நான் சோறு தின்பதே அந்தக் காலர் தையலால்தான். படிக்கிற பிள்ளை, ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள், பாயில் சாய்ந்துகொண்டே அதைப் பார்த்துவிட்டாள். நான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தப்பாகச் சிரிக்கவில்லை. "தான் புடிச்ச முயலுக்கு மூணு காலு, வேணும்னே எழுதியிருக்கா" என்றார் உன் அத்தான். டீச்சர்கூட, "நீங்க விட்டுக் குடுக்க மாட்டீங்களே" என்று என் தோளைத் தட்டினார். நான் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நீங்கள் மூன்று பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு என்னை முட்டாளாக்குகிறீர்கள் என்று கூச்சல் போட்டேன். டீச்சர் முகம் சுருங்கிப்போய் மாடிக்குப் போய்விட்டார். அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்புறம் தூசி துடைக்கிற சாக்கில் துணியை எடுத்துக்கொண்டு டிவிக்குக் கிட்டே போனேன். அந்தக் காட்சி இன்னும் அப்படியே நிறுத்தி வைத்திருந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தேன். அந்த ஆளின் சட்டை இருந்தது, கை இருந்தது. நேராகக் காலரைப் பார்த்தால், பார்க்கிற இடத்தில் ஒரு மங்கல். யாரோ விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துவிட்ட மாதிரி. டிவியை அழுத்தித் துடைத்தேன். அது போகவில்லை, நான் எங்கே பார்த்தாலும் கூடவே வந்தது.

திங்கட்கிழமை காலையில் உன் அத்தான் புதுப் ப்ளேயரைப் பெட்டியில் வைத்து, தெர்மோகோலை எல்லாம் சரியாகச் செருகி, தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். "உனக்குப் புடிக்கலன்னா விடு, எதுக்கு வீட்டுல சண்ட" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நான் பிடிவாதத்தில் பொய் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய ஆசையை அவரே தோளில் சுமந்துகொண்டு போனார். நான் பொய் எழுதவில்லை, தங்கை. எனக்கு உண்மையிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு பெட்டி சட்டை, காலரில் தையல் தாண்டியிருக்கிறது என்று திரும்பி வந்தது. என் மேசையில் பார்த்த பெட்டி அது. என் எதிரில் புதிதாக வந்த ஒரு பெண் உட்காருகிறாள், இருபது வயதுகூட இருக்காது. அவள்தான் அசட்டையாகப் பார்த்திருப்பாள் என்று சொன்னேன். மனதாரச் சொன்னேன், நான் விட்டிருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சூப்பர்வைசர் சீட்டுக்கூடப் போடவில்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அவளை மடிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். இன்னும் அங்கேதான் நிற்கிறாள். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அந்தச் சமயத்தில் டியூப் லைட் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனோடு சண்டை போட்டு இரண்டு தடவை மாற்ற வைத்தேன். மூன்றாவது தடவை அவர், "அக்கா, இதுக்கு மேல சூரியனத்தான் கொண்டாந்து மாட்டணும்" என்றார். அவரையும் திட்டினேன்.

உனக்கு நினைவிருக்கும். அம்மாவும் இப்படித்தான். அடுப்புப் புகை என்றாள். பேப்பர்காரன் மையைக் குறைத்துவிட்டான் என்றாள். சர்க்கரை கண்ணில் இறங்குவதை எட்டு மாதம் நம்மிடம் மறைத்தாள். முதலிலேயே வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே அம்மாவைத் திட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டேன். நீதான் என் வாயைப் பொத்தினாய். அம்மா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கடைசி ஆறு வருஷம் அவள் சுவரைத் தடவித்தான் நடந்தாள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து நாலு வருஷம் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டை மட்டும் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கென்ன, ஆயிரம் தையல் பார்க்கிற கண் என்று திமிர். அம்மாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவளுக்காவது எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு அவளே முன்னால் நடந்து காட்டினாள்.

வருகிற வியாழன் இல்லை, அதற்கடுத்த வியாழன் கண் ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்பார்களாம், தனியாகத் திரும்பிப் போக முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். உன் அத்தானைத்தான் கூப்பிட வேண்டும். நான் சொல்ல வாயெடுத்தால் சண்டையாகத்தான் வருகிறது. நேற்றுகூடச் சொல்லலாம் என்று ஆரம்பித்து, கிரீஸ் கையோடு கதவைத் தொட்டதற்குக் கத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். அதனால் நீயே அவருக்குப் போன் பண்ணிச் சொல். பக்குவமாகச் சொல், பயந்துவிடுவார். அந்த ப்ளேயரை அக்காவே வாங்கச் சொன்னாள் என்றும் சொல். அவரும் மகளும் நன்றாகப் பார்க்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொள்கிறேன். சூப்பர்வைசரிடம் நாளைக்குக் காலையில் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணை மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, நான் மடிக்கப் போகிறேன். இதை நீ யாரையும் விட்டுச் சொல்ல வேண்டாம், அது என் வேலை.

இன்னும் ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மா எனக்கு மட்டும் அம்மா இல்லை. உனக்கும் நாற்பத்துமூன்று ஆகிறது. நேரம் இல்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று என்னிடம் சாக்குச் சொல்லாதே. அந்தச் சாக்கெல்லாம் நான் ஏற்கெனவே சொல்லித் தீர்த்துவிட்டேன். இந்த வாரமே போய் ரத்தத்தையும் கண்ணையும் காட்டு. உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய். காட்டிவிட்டு வந்த அன்றைக்கே, ஒன்றுமில்லை அக்கா என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. வேறு யாரும் படித்துச் சொல்லாமல் அதை நானே படிக்க வேண்டும். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
உன்னைத் திட்டினாலும் உன்னையே நம்பியிருக்கும்
அக்கா