ஊரணித் தண்ணீரில் என் நீலச் சேலை

அனுப்புநர்:
பிரகதீஸ்வரி, க/பெ. நிலவழகன்,
மருதங்காட்டுப்பட்டி,
வல்லத்திராக்கோட்டை அருகில்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: குடிநீர் ஊரணியைப் பூட்டும் முடிவை நிறுத்தி, தண்ணீரை மறுபடி பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரணியில் யாரும் கால் நனைப்பதில்லை. செருப்பைக் கரையில் விட்டு, படியில் குனிந்துதான் மொண்டு வருவோம். இந்தக் கோடையிலும் பாதிக்கு மேல் தண்ணீர் கிடக்கிறது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. கடந்த மாசியில், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் பிளாஸ்டிக் துகள்களை ஆராயும் கல்லூரி மாணவி சுமையா இங்கு வந்தார். "அப்படியே மோந்து குடுங்கக்கா, போதும்" என்றார். ஊருக்கு வந்தவருக்கு வடிகட்டாத தண்ணீர் கொடுப்பது எங்களுக்கு வழக்கமில்லை. அவர் பையில் கண்ணாடிப் புட்டியைத் தேடிய நேரத்தில், குடத்து வாயில் என் முந்தானையை மடித்துப் போட்டு வடிகட்டிக் கொடுத்துவிட்டேன். சேலை பாலியஸ்டர், நிறம் நீலம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

3. அறிக்கை வந்துவிட்டது. எங்கள் தண்ணீரில் நீல நிறப் பிளாஸ்டிக் இழைகள் ஏராளமாம். ஆகவே வரும் ஒன்றாம் தேதி ஊரணியைப் பூட்டுவதாக முடிவாகியுள்ளது. பூட்டினால் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் குடத்தோடு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். இம்மனுவில் குற்றம் சாட்ட வேறு ஆள் கிடையாது, நானேதான்.

4. இருந்தாலும் ஒரு குறை உண்டு. தண்ணீர் எடுத்த இடங்களைக் காட்டும் அறிக்கையின் வரைபடத்தில் நம் மாவட்டக் கடற்கரை நெடுகப் புள்ளிகள், நாற்பத்திரண்டு. கண்மாயும் ஊரணியுமாகக் கிடக்கும் உள்பகுதிக்கு ஒரே ஒரு புள்ளி. அதுவும் என் முந்தானை வழியாக வந்த புள்ளி.

5. சுமையாவிடம் போனில் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்திருந்தேன், அவரோ சிரித்துவிட்டார். வீடுகளில் வடிகட்டும் துணியைத் தங்கள் குழு யோசிக்கவே இல்லை, அதையும் பார்க்க வேண்டும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு வருடமாக என் வீட்டுக் குடத்தில் கட்டியிருப்பதும் பாலியஸ்டர் துணிதான். அன்றே அவிழ்த்துவிட்டு, கணவரின் பருத்தி வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

6. ஆகவே பூட்டும் முடிவை நிறுத்தி, எங்கள் ஊரணியிலும் சுற்றுவட்டக் கண்மாய்களிலும் தண்ணீர் எடுத்துப் பார்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தால் பூட்டை நானே வாங்கித் தருகிறேன். இம்முறை வடிகட்டாமல் மொண்டு கொடுப்பேன். கை கூசும், பொறுத்துக்கொள்வேன்.

இடம்: மருதங்காட்டுப்பட்டி
நாள்: 12.05.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) நி. பிரகதீஸ்வரி

இணைப்பு: மேற்படி நீலச் சேலையின் முந்தானை, ஒரு சாண். அறிக்கையில் கண்ட இழைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க. திருப்பித் தர வேண்டாம்.